அத்தை சும்மா இருக்கவில்லை, முரளி

முரளிக்கு அப்பா எழுதுவது.

நலமா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. அதை உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்வாள். எனக்கு உன்மேல் கோபம். வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள் ஆகிறது. இனி படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, செய்தித்தாளைக்கூடத் தொடாமல், நீ அனுப்பிய காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுக் கண்ணால் முதலில் படிப்பது மகன் எழுதியதாக இருக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை. முந்நூறு பக்கம், அதுவும் பேராசிரியர்கள் எழுதுகிற பிரெஞ்சில். பட்டாளத்துக் கிடங்கில் போர்வைக்கும் பூட்ஸுக்கும் பட்டியல் எழுதியே காலம் தள்ளியவன் நான். பக்கத்துக்கு நாலு தடவை அகராதியைப் புரட்டினேன். ஐந்தாம் நாள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதோடு மூடி வைத்தேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணு உறுத்துதா, டாக்டர்ட்ட போலாமா?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நன்றாகத்தான் தெரிந்தது. அதுதான் வினை.

இந்த மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கம் அப்படியே போகக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் மழுப்பிவிடுவேன். மழுப்புவதில் எனக்கு நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம் உண்டு. அதையும் இதில்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதில் நல்லது நிறைய இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் சண்டை போட்டால் போலீஸுக்குப் போகலாம், நாடுகள் சண்டை போட்டால் யாரிடம் போவது, நாட்டுக்கு மேலே போலீஸ் கிடையாதே, பிறகு ஏன் நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகின்றன என்று கேட்டுத் தொடங்குகிறாய். நல்ல கேள்வி. இன்றைக்கு ஏமாற்றினால் நாளைக்கு எவனும் பேரத்துக்கு வரமாட்டான், அதனால்தான் என்று பதிலும் சொல்கிறாய். ஐரோப்பாவில் நிலக்கரியையும் இரும்பையும் பொதுவில் வைத்துக்கொண்டு பகை தீர்ந்த கதையைப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மீன்பிடி ஒப்பந்தங்களைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, உன் அம்மாவைக் கூப்பிட்டு, கனகசெட்டிக்குளத்தில் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்றால் ஒரு படகும் இறங்காதே, அதைத்தான் உன் பிள்ளை இவ்வளவு பெரிய வார்த்தையில் எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். "அப்ப அதுக்கா அஞ்சு வருஷம் படிச்சான்?" என்றாள். அவளை விடு.

அப்புறம் எங்கள் புதுச்சேரிக்கு வருகிறாய். பிரான்சும் இந்தியாவும் இந்த ஊரைக் கைமாற்றிக்கொண்ட ஒப்பந்தம். அறுபத்திரண்டில் அது நடைமுறைக்கு வந்தபோது இங்கே இருந்த எங்களுக்கு ஆறு மாதம் அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்தியர். அந்த ஏற்பாட்டை நீ எப்படிப் புகழ்கிறாய்! ஆளாளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு அரசுக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு காலம். வாயைத் திறக்காவிட்டால் என்ன என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் வேலை மிச்சம். ஆகவே இது சிக்கனமான, இரு தரப்புக்கும் லாபமான விதி என்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நான் அகராதியை மூடிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "கையெழுத்திடாமல் இருந்ததும் ஒரு தேர்வே" என்று எழுதுகிறாய். அதற்கு உதாரணம் வேறு. எங்கேயும் போய்த் தேடவில்லை. உன் அத்தையைப் பிடித்துப் போட்டிருக்கிறாய். "என் குடும்பத்திலேயே தம்பி கையெழுத்திட்டார், அக்காள் சும்மா இருந்துவிட்டார், இருவரும் தத்தம் நலனை எடைபோட்டே முடிவு செய்தனர்." இதுதான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பெயர் போடவில்லை என்று சமாதானம் சொல்லாதே. எனக்கு ஒரே ஓர் அக்காள்தான்.

யாரப்பா எடைபோட்டது? எந்தத் தராசில்? அப்போது எங்கள் தெருவில் வெளுக்கிற கன்னியம்மா என்று ஒரு கிழவி இருந்தாள். அந்த ஆறு மாதமும் அவள் எங்கள் வீட்டு வாசலில் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா தம்பி, எல்லாரும் பேப்பர் பேப்பர்னு ஓடுறாங்களே, எதுக்கு?" என்று கேட்பாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் ஆயா, என் அம்மாதான், உள்ளேயிருந்து, "உனக்கு எதுக்கு அதெல்லாம், போய் வேலயப் பாரு" என்பாள். அதோடு சரி. யாராவது உட்கார்ந்து அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளும் உன் கணக்கில் தன் நலனை எடைபோட்டவள்தான். இரண்டு அரசுக்கும் செலவு மிச்சம் என்கிறாயே, அந்தச் செலவு எங்கே போயிற்று? ஆவியாகிப் போயிற்றா? எங்கள் தலையில் இறங்கியது. தெரிந்துகொள்கிற செலவு, ஓடுகிற செலவு, தெரியாமல் இருந்துவிட்டு ஆயுசு முழுக்கப் படுகிற செலவு. பேரம் பேசின மேசையில் நாங்கள் யாரும் இல்லை. மேசையில் இல்லாதவன் தலையில் ஏற்றினதை மிச்சம் என்று எழுதுகிறவனுக்குப் பொருளாதாரம் தெரியும் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

மௌனம் சம்மதம் என்பார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில், குனிந்த தலை நிமிராமல் காப்பித் தட்டோடு நிற்கிற பெண்ணைக் காட்டிச் சொல்கிற பேச்சு அது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே சம்மதம் என்று நம் சொந்தத்திலேயே நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டுப் பார். அந்தப் பழைய அநியாயத்துக்குப் படம் வரைந்து, கோடு போட்டு, அடிக்குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருக்கிறாய். அதற்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம்?

போன வருஷம் மே மாதத்தை மறந்திருக்க மாட்டாய். ஐரோப்பாவுக்கு எல்லாம் பொதுவாக ஓர் அரசியல் சாசனம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது. இந்த ஊரில் இருக்கிற பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களும் வரிசையில் நின்றோம். அதற்கு முன்னால் அந்தச் சாசனமே தடிப் புத்தகமாகத் தபாலில் வீட்டுக்கு வந்தது. உன் அம்மா அதை ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரத்துக்கு வைத்தாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரும் என்னைப் போல ஒரு பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிறவர். "இன்னாப்பா, வுய்யா, நோனா?" என்றார். "நீங்க படிச்சீங்களாண்ணே?" என்றேன். "எங்க படிக்கறதுப்பா, எனக்கு அதத் தூக்கவே முடியல" என்றார். நான் 'நோன்', அதாவது வேண்டாம் என்று போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு வெயில் அதிகம். அதை உன்னிடம் சொன்னபோது நீ கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "படிக்காம எப்படிப்பா வேணாம்னு போட்டீங்க? அதெல்லாம் ஒரு முடிவா?" என்று கேட்டாய். சரி. படித்துப் பார்க்காமல் அப்பன் போட்ட ஓட்டு ஒரு முடிவு இல்லை. படிக்கவே தெரியாத கன்னியம்மா போடாத கையெழுத்து மட்டும் ஒரு முடிவு. நல்லாயிருக்குடா உன் நியாயம்!

இவ்வளவு தூரம் கத்திவிட்டேன். எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருக்கிற உன் அம்மா, "புள்ளயத் திட்டறது இருக்கட்டும், உங்க வண்டவாளத்த எப்ப எழுதப் போறீங்க?" என்கிறாள். அவளுக்குப் போன வாரம்தான் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்து. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முதுகு நன்றாகத் தெரியும். நான்தான் சட்டை போட்டு மூடியிருந்தேன்.

உன் தாத்தா இந்தோசீனாவில் சண்டை பார்த்த சொல்தா. அந்த ஆறு மாத அவகாசம் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்திருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. பட்டாளத்தில் சேரப் பெயர் கொடுத்திருந்தேன். பிரெஞ்சுக்காரனாக இருந்தால்தான் எடுப்பார்கள். தாத்தா தன்னுடையது, ஆயாவுடையது, என்னுடையது என்று மூன்று தாள் எழுதச் சொல்லி, விழாத கையால் தன் தாளில் கையெழுத்துப் போட்டார். தனம் அக்காளைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பண்ருட்டிக்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு இங்கே மில்லில் வேலை, முதலியார்பேட்டையில் குடியிருந்தார்கள். கட்டிக் கொடுத்த பெண் அந்த வீட்டுப் பெண் என்பது தாத்தாவின் சட்டம். எந்த ஒப்பந்தமும் அந்தச் சட்டத்தை அசைத்ததில்லை.

அக்காள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. தை மாதக் கடைசி, உச்சி வெயில். முதலியார்பேட்டையிலிருந்து நடந்தே வந்தாள். வயிற்றில் உன் மணி மச்சான், ஐந்து மாதம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். செர்த்திபிகா பரீட்சை வரைக்கும் பிரெஞ்சில் படித்தவள். யாரிடமும் கேட்காமல் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டிருந்தாள். "உன்னுதோட சேத்துக் குடுத்துடுடா தம்பி" என்றாள். "மாமாவுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "சொல்லிட்டுத்தான் வந்தேன். உன் இஷ்டம்னாரு." அப்புறம் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு மட்டும் இல்லடா. இதுக்கும் சேத்துத்தான்." ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். அவள் வேர்வை பட்டுத் தாளின் ஒரு மூலை நனைந்திருந்தது.

மறுநாள் காலையில் தாள் வாங்குகிற அலுவலகத்தில் நான்கு தாளோடு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் குடையோடு ஒருவர். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு தம்பி?" என்றார். "அக்காங்க." "மாப்ள எந்த ஊரு?" "பண்ருட்டிங்க." உச்சுக் கொட்டினார். "அப்ப இந்தியா ஆளாச்சே. இதச் சேத்து நீட்டுனேன்னு வெச்சுக்க, மொத்தக் கட்டையும் ஓரமாத் தூக்கி வெச்சிடுவாங்க. விசாரணை அது இதுன்னு இழுக்கும். நீ எப்பப் பட்டாளத்துக்குப் போறது?" கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? எனக்குப் புத்தி வரிசையின் முன்பக்கமாகப் போயிற்று. உள்ளே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காள் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மூன்றைக் கொடுத்தேன். கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் நாள் தாத்தாவுக்கு மருந்து வாங்கப் போனேன். அடுத்த நாள் எதற்கோ. அப்புறம் கெடு முடிந்துவிட்டது. அக்காள் கேட்டபோது, "குடுத்துட்டேன்க்கா" என்றேன். அவ்வளவுதான், முரளி. ஒரே வார்த்தை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். பதினொரு வருஷம் கழித்து உன் மாமா மில்லிலேயே நெஞ்சு வலி வந்து இறந்தார். மணிக்குப் பத்து வயது. அக்காள் பிரெஞ்சு அலுவலகத்தில் போய் விசாரித்திருக்கிறாள்; குடியுரிமைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்குக் கடிதம் எழுதினாள். "நீ குடுத்தியா, இல்லியா? எம்பேரு இல்லன்றாங்க." அப்போது நீ கைக்குழந்தை. உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் பதில் எழுதினேன். கொடுத்தேன், மாமா இந்தியர் என்பதால் அவர்கள் தள்ளியிருப்பார்கள் என்று. முதல் பொய்யைச் சின்னப் பையன் சொன்னது என்று தள்ளிவிடலாம். இரண்டாவது பொய்யைச் சொன்னபோது நான் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். அதற்குப் பிராயச்சித்தமாக வருஷா வருஷம் பார்சல் அனுப்பினேன். சோப்பு, சாக்லேட், கம்பளி ஸ்வெட்டர். புதுச்சேரி வெயிலுக்கு ஸ்வெட்டர்! அவள் அதைத் தலையணைக்குள் திணித்துத் தைத்துக்கொண்டாள்.

தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தாள் உன் அத்தை. கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்ததைச் சின்ன வயதில் நீ பார்த்துப் பயந்திருக்கிறாய். மணி சேதராப்பட்டில் கான்ட்ராக்டில் போகிறான். நாற்பத்திரண்டு வயதில் இன்னும் நிரந்தரம் இல்லை. பிரான்சுக்குப் போயிருந்தால் இருவரும் ராஜாவாக இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே போய்க் குளிரிலும் குடியிலும் கெட்டழிந்த நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ அங்கே படித்தது என் கையெழுத்தினால். மணிக்கும் ஒரு கையெழுத்து இருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாவது பொய் உன்னிடம் சொன்னது. நாம் ஊர் திரும்பிய வருஷம், உனக்கு எட்டு வயது. "அத்தை ஏம்பா நம்ம கூட அங்க வரல?" என்று கேட்டாய். "அவளுக்கு இஷ்டமில்லடா" என்றேன். நீ அதை நம்பினாய். நம்பி, வளர்ந்து, படித்து, அதன்மேல் ஓர் அத்தியாயம் கட்டிவிட்டாய். பதினைந்து பக்கப் புத்தகப் பட்டியல் போட்டிருக்கிறாயே, அதில் உன் அத்தையிடம் கேட்டேன் என்று ஒரு வரி உண்டா? ஊருக்கு வந்தபோதெல்லாம் அவள் கையால் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டாய். "அத்தை, நீங்க ஏன் கையெழுத்துப் போடல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே என் பூசணிக்காய் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. சும்மா இருந்தவர்களைப் பற்றி எழுதுகிற நீங்கள் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. நான் சொன்ன பொய் என் குற்றம். கேட்காமல் எழுதியது உன் குற்றம். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தத் தாளை நான் எறியவில்லை. ஏன் என்று கேட்காதே. பட்டாளத்து விடுதலைப் பத்திரத்தோடு ஓர் உறைக்குள் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வந்தது. போன வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். மணி வேலைக்குப் போயிருந்தான். அடுப்பில் குக்கர். உட்காரக்கூட இல்லை, தாளை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். வாய்விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக. "என் எழுத்துடா இது" என்றாள். "எவ்ளோ நல்லா எழுதியிருக்கேன் பாரு. ஒரு தப்பு இல்ல." நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடைக்காரரை, சட்டைப் பையை, கடிதத்தை. குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, அவள் எழுந்து அணைக்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி நான் நினைத்தே பார்க்காதது. "அப்ப அவங்க என்னத் தள்ளலியா?" "இல்லக்கா. அவங்க கைக்கே போகல." "வேணாம்னு சொல்லலியா?" "இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "நாப்பத்து மூணு வருஷமா அவங்களத் திட்டினு இருக்கேன்டா. ஜூலை பதினாலு பிரெஞ்சு ஊர்வலச் சத்தம் கேட்டா எழுந்து போய்க் கதவச் சாத்துவேன். நாம வேணாத ஆளுதானேன்னு. பாவி, நீயாடா அது?" பிறகுதான் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டாள். "போயிருப்பனோ மாட்டனோ, அது வேற. போன எடத்துல நல்லாயிருந்திருப்பனோ, நாசமாப் போயிருப்பனோ. அது என் பாடு. நடுவுல எடுக்க நீ யாருடா?" உன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். அதையும் மறைத்துவைக்க எனக்கு இனி உடம்பில் தெம்பில்லை. "நானா?" என்றாள். "நானா சும்மா இருந்தேன்? வயித்தத் தூக்கினு அந்த வெயில்ல நடந்து வந்தனே, அது எந்தக் கணக்குல வருதாம்? கேட்டுச் சொல்லச் சொல்லு அவன!"

கேட்கிறேன், முரளி. எந்தக் கணக்கில் வருகிறது? கேட்டவர்கள், கேட்காதவர்கள் என்று இரண்டு கட்டம் போட்டுப் பட்டியல் வைத்திருக்கிறாய். மூன்றாவது கட்டம் ஒன்று போடு. 'தெரியாது' என்று தலைப்புக் கொடு. கன்னியம்மாவை அதில் வை. உன் அத்தையை முதல் கட்டத்துக்கு மாற்று, அவள் கேட்டவள். மூன்றாவது கட்டம் பெரிதாகப் போனால் உன் முடிவு ஆட்டம் காணும். காணட்டும். நாடுகளுக்கு மேலே போலீஸ் இல்லை, சொன்ன சொல்தான் சட்டம் என்று நீயேதான் எழுதினாய். அக்காள் தம்பிக்கு மேலேயும் போலீஸ் இல்லை. இரண்டு அரசும் ஒன்றுக்கொன்று சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்றின என்பதை அழகாக எழுதிவிட்டாய். அவை எங்களைக் கேட்டனவா என்பதையும் எழுது. அக்காளிடம் சொன்ன சொல்லை ஒரு தம்பி எப்படிக் காப்பாற்றினான் என்பதை அடிக்குறிப்பிலாவது போடு. என் பெயரைப் போட்டே எழுது.

அவள் தாளின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மூலத்தையே உனக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "நீ வெச்சிருந்தது போதும்" என்று சொல்லிவிட்டாள். ஜெராக்ஸ் கடைக்கும் அவளே கூட வந்து, கடைக்காரப் பெண்ணிடம் தன் கையால் கொடுத்து, மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று, திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நாளைக் காலையில் மணியிடம் கொடுக்கப் போகிறேன். அவன் படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடட்டும். கிழித்துப் போட்டால் அது அவன் உரிமை, நான் மறுபடி எழுதுவேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், ஒட்டியவன் மணி என்று தெரிந்துகொள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பி அவள் வீட்டு வாசலில் விடைபெறும்போது, "மன்னிச்சிட்டியாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் முந்திக்கொண்டது. உள்ளே போய்க்கொண்டிருந்தவள் நின்று திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கும் ஆறு மாசம் டயம் குடு. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "ஆறு மாசம் ஆகியும் நான் வாயத் தொறக்கலன்னா, மன்னிச்சிட்டேன்னு நீயா எடுத்துக்காத."

உன்
அப்பா